மதிய இடைவேளையில் டவுட் கிளியர் பண்ணிய டெமான்ஸ்ட்ரேட்டர்... கே.எஸ்.கிருஷ்ணனை உங்களுக்குத் தெரியுமா?

பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிறீங்களா? அப்படின்னா இந்தக் கேள்வி உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். கல்யாணப் பந்தியில, தெருமுனை டீக்கடையில, ரயில்ல பக்கத்து சீட் அங்கிள்கிட்டேர்ந்து... பிசிக்ஸ் முடிச்சிட்டு என்ன பண்ணப்போறே? அத்திப்பட்டு, எண்ணூர், மீஞ்சூர் பக்கம் வீடுன்னா, கூடவே இன்னொண்ணும் வரும். அதுக்கு ஒரு டிப்ளமோ முடிச்சிருந்தா அனல் மின் நிலையத்துலயோ துறைமுகத்துலயோ கான்ட்ராக்ட்லயாவது நுழைஞ்சிருக்கலாமே!

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. வாசலில் நின்றால் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற ஊரில், வேலை என்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதான். பிசிக்ஸ் படிச்சவங்க எங்கெங்கே போறாங்கன்னு சொல்றதுக்கு வீட்ல ஆள் இல்ல, தெருவுல ஆள் இல்ல. காலேஜ்ல இருக்காங்க. ஆனா, அந்த ஹெச்.ஓ.டி. ரூம் கதவைத் தட்டலாமா வேண்டாமான்னு யோசிக்கிறதுக்குள்ள நமக்கு மூணு வருஷம் முடிஞ்சிடுது.

நூறு வருஷத்துக்கு முன்னாடி, பாரிமுனையில் ஒரு இளைஞர் இந்தக் கதவுப் பிரச்னைக்கு ரொம்ப சிம்பிளான ஒரு வழியைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் அவர் ராயல் சொசைட்டி உறுப்பினர், சர் பட்டம் பெற்றவர், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அப்போது அவர் வெறும் டெமான்ஸ்ட்ரேட்டர். அதுவும் பிசிக்ஸில் இல்லை, கெமிஸ்ட்ரியில்!

பெயர், கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். சுருக்கமா கே.எஸ்.கிருஷ்ணன். 1898, டிசம்பர் 4-ம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். அப்பா விவசாயம் பார்த்தவர். ஆனால் தமிழும் சம்ஸ்கிருதமும் நன்றாகப் படித்தவர். பள்ளிப்படிப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப்பள்ளி. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி. அதன் பிறகுதான் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி.

எம்.சி.சி.ன்னதும் நமக்குத் தாம்பரம் ஞாபகம் வரும். மரங்கள், மான்கள், பெரிய கேம்பஸ். அதெல்லாம் 1937-க்குப் பிறகு. அதற்கு முன்பு அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அத்திப்பட்டுல மின்சார ரயில் ஏறி, ராயபுரம் வழியா கடற்கரை ஸ்டேஷன்ல இறங்குனீங்கன்னா, பொடிநடையா போயிடலாம். இப்போ நீங்க சார்ஜர் கேபிளும் இயர்போனும் பேரம் பேசி வாங்குற பாரிமுனை ஏரியாதான். என்.எஸ்.சி.போஸ் சாலையில் ஆண்டர்சன் சர்ச் இன்னமும் இருக்கிறது. கல்லூரியின் அந்தப் பழைய காலத்துக்கு மிச்சமிருக்கிற சாட்சி அது.

டிகிரி முடித்ததும் கிருஷ்ணனுக்கு அதே கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. டெமான்ஸ்ட்ரேட்டர்னா என்னன்னு லேப் போறவங்களுக்குத் தெரியும். புரொஃபசர் கிளாஸ் எடுப்பார். டெமான்ஸ்ட்ரேட்டர் பியூரெட் கழுவி இருக்கான்னு பார்ப்பார், சோதனையைச் செய்து காட்டுவார், ரெக்கார்டு நோட்டைத் திருத்துவார். காலேஜ் வரிசையில் கீழ்ப்படி. பாடம் நடத்தும் அதிகாரம்கூடப் பெரிதாகக் கிடையாது. வயசு இருபதைத் தாண்டி ஒண்ணு ரெண்டு வருஷம்தான் ஆகியிருக்கும்.

அந்த இடத்திலிருந்துகொண்டு அவர் செய்த காரியம் இதுதான். மதிய உணவு இடைவேளையில் மாணவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். பிசிக்ஸ், கணக்கு, கெமிஸ்ட்ரி, எதில் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம். டைம்டேபிளில் அது கிடையாது. அட்டெண்டன்ஸ் கிடையாது. இன்டர்னல் மார்க் கிடையவே கிடையாது. அவருக்கும் அதுக்குச் சம்பளம் இல்லை.

மெள்ள மெள்ளக் கூட்டம் சேர்ந்தது. எந்த அளவுக்குன்னா, சுத்தியிருந்த மற்ற கல்லூரிகளிலிருந்தும் பசங்க வர ஆரம்பித்தார்கள். சொந்த காலேஜ் கிளாஸுக்கே கட் அடிக்கிற வயசு அது. அந்த வயசில், வேறு காலேஜில் இருக்கும் ஒரு டெமான்ஸ்ட்ரேட்டரைப் பார்க்க, லஞ்ச் டைமில், வெயிலில் நடந்து வருகிறார்கள். யோசிச்சுப் பாருங்க.

அது ஏன் வேலை செய்ததுன்னு எனக்குத் தோணுறதைச் சொல்றேன். கேட்கிறவனுக்கும் சொல்கிறவனுக்கும் வயசு வித்தியாசம் குறைவு. முட்டாள்தனமான கேள்வி கேட்டால் மார்க் போய்விடும் என்ற பயம் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், சப்ஜெக்ட் வேலி இல்லை. கணக்குல மாட்டுற இடமும் பிசிக்ஸ்ல மாட்டுற இடமும் பெரும்பாலும் ஒரே இடம்தான். பார்ஷியல் டிஃபரன்சியேஷன் புரியாதவனுக்கு தெர்மோடைனமிக்ஸ் எப்படிப் புரியும்? நம்ம காலேஜ்ல ஒரு டிபார்ட்மென்ட் சார் இன்னொரு டிபார்ட்மென்ட்டைக் கைகாட்டுவார். கிருஷ்ணனிடம் அந்தச் சிக்கல் இல்லை. பிசிக்ஸ் படித்துவிட்டு கெமிஸ்ட்ரி லேபில் நின்றதே அவருக்குப் பலமாகிவிட்டது.

இன்னொரு விஷயம். ஜார்ஜ் டவுனுக்கு இந்த மாதிரி ஆட்கள் புதுசு இல்லை. அதற்கு சில வருஷங்கள் முன்புதான், 1912-ல், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மெட்ராஸ் துறைமுக அலுவலகத்தில் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க்காகச் சேர்ந்தார் ராமானுஜன். ஆபீஸில் அவருக்கு மேலே இருந்த எஸ்.நாராயண ஐயர் கணக்குத் தெரிந்தவர். மேலதிகாரியா விரட்டாம, அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டவர். 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய அந்தப் பிரபலமான கடிதத்துக்குப் பின்னால் இப்படிச் சில பேர் இருந்தார்கள். ஹார்டி பெயர் எல்லோருக்கும் தெரியும். நாராயண ஐயர் பெயர் வடசென்னையில்கூட எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல.

சரி, கிருஷ்ணன் கதைக்கு வருவோம்.

எல்லோருக்கும் வழி சொன்னவருக்கு யார் வழி சொல்வது? அன்றைய மதராஸில் இயற்பியல் ஆராய்ச்சி என்று போய்ச் சேர இடங்கள் மிகக் குறைவு. கல்கத்தாவில் சி.வி.ராமன் இருந்தார். அவரும் மதராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர்தான். 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனவர், ஆபீஸ் நேரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஆய்வகத்தில் உழைத்து, 1917-ல் அந்த அரசு வேலையையே விட்டுவிட்டு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1920-ல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். முதலில் பல்கலைக்கழக வகுப்புகள். பிறகு 1923-ல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் ஆராய்ச்சிக் குழுவில் இடம்.

கைடு எப்படி இருக்க வேண்டும், ஸ்டூடன்ட் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1928, பிப்ரவரி மாதத்தைப் பார்த்தால் போதும்.

கிருஷ்ணனுக்கு கணக்கும் தியரியும் பிடிக்கும். கொஞ்ச காலமாகவே பேப்பர், பென்சில் என்று இருந்துவிட்டார். ராமனுக்கு அது சரியாகப் படவில்லை. சோதனை செய்து பார்க்காமல் ஒரு விஞ்ஞானி ரொம்ப நாள் இருப்பது நல்லதில்லை என்பது அவர் கட்சி. திரவங்களில் ஒளி சிதறுவதை மறுபடியும் கையில் எடுக்கும்படி கிருஷ்ணனை லேபுக்கு இழுத்தார். இது நமக்கு எப்படித் தெரியும்? கிருஷ்ணன் அந்த மாசம் டைரி எழுதியிருக்கிறார். அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் புரட்டிப் பார்க்கிற டைரி.

அவர்கள் தேடியது என்னன்னு உங்க ஊர் வானத்தை வைத்தே சொல்லலாம். அத்திப்பட்டில் மழை கழுவிவிட்ட மறுநாள் வானம் நல்ல நீலமா இருக்கும். காற்றில் உள்ள மூலக்கூறுகள் சிவப்பைவிட நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் வருகிற நீலம் அது. சாம்பல் தூசி பறக்கிற நாளில் அதே வானம் வெளிறிப்போய் வெள்ளையா தெரியும். தூசி, மூலக்கூறைவிடப் பல மடங்கு பெரிசு. அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடித்துவிடும். இந்த இரண்டிலுமே, உள்ளே போன நிறத்தில் எது சிதறியதோ அதே நிறம்தான் வெளியே வருகிறது. நிறம் மாறுவதில்லை. ராமன் குழு தேடியது வேறு ஒன்று. மிக மிகச் சிறிய அளவு ஒளி, மூலக்கூறோடு மோதி, கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்தோ வாங்கியோ, வேறு நிறமாக வெளியே வருகிறதா? வந்தால், அந்த நிற மாற்றம் மூலக்கூறின் கைரேகை மாதிரி.

சாதனம் பெரிசா ஒண்ணும் இல்ல. சூரிய வெளிச்சம். அதைக் குவிக்க லென்ஸ். சுத்தம் செய்த திரவம். நிற வடிகட்டிகள். பார்ப்பதற்குக் கண். முதல் வடிகட்டி ஊதா நிறத்தை மட்டும் உள்ளே விடும். பார்க்கிற பக்கம் வைக்கும் இரண்டாவது வடிகட்டி அந்த ஊதாவை முழுசா தடுத்துவிடும். அப்புறமும் ஏதாவது வெளிச்சம் தெரிந்தால், அது உள்ளே பிறந்த புது நிறம்.

தெரிந்தது. ஒரு திரவத்தில் மட்டும் இல்லை, கிருஷ்ணன் எடுத்துப்பார்த்த சுத்தமான திரவங்கள் எல்லாவற்றிலும். அதுவும் சாதாரண ஒளிர்வு மாதிரி இல்லாமல், பலமாக முனைவாக்கம் அடைந்த ஒளி. போய் ராமனிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு அவரே ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்று ராத்திரி 9 மணி வாக்கில் கிருஷ்ணன் சாப்பிட்டு முடித்து நண்பரோடு பேசிக்கொண்டிருக்கிறார். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். இறங்கி வந்து பார்த்தால், புரொஃபசர்! காலையில் பார்த்தது என்னவாக இருக்கும் என்று அவருக்குப் பொறிதட்டிவிட்டது. மறுநாள் வரை காத்திருக்க முடியவில்லை. வீட்டு வாசலிலேயே கால் மணி நேரத்துக்கு மேல் நின்று பேசிவிட்டுத்தான் போனார்.

ஸ்டூடன்ட் வீட்டு வாசலுக்கு கைடு வந்து நிற்பது. இன்னிக்கும் இது சாதாரணம் இல்லைங்க.

அந்த மாதம் 28-ம் தேதி கண்டுபிடிப்பு உறுதியானது. நாம் தேசிய அறிவியல் தினம் கொண்டாடுகிற தேதி. மார்ச் 31-ம் தேதி லண்டனின் நேச்சர் இதழில் குறிப்பு வெளியானது. ராமன், கிருஷ்ணன் என இரண்டு பெயர்கள். 1930-ல் நோபல் பரிசு வந்தது. அதில் ஒரு பெயர்தான்.

இது நியாயமா? இந்தக் கேள்வியை வைத்து இன்றுவரை வாதம் நடக்கிறது. பல வருஷம் பிரச்னையைத் துரத்தி, குழுவை வளர்த்து, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டியவர் ராமன். அந்த நாள்களில் கண்ணை வைத்துப் பார்த்தவர் கிருஷ்ணன். என் கணக்கில் ராமனுக்குப் பரிசு கொடுத்தது தப்பில்லை. ஆனால் அந்த விளைவின் பெயரில் கிருஷ்ணனும் இருந்திருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் யார் பெயர் முதலில் வரும், யார் பெயர் விடுபடும் என்று பிஹெச்.டி. பண்ணுகிற உங்க அக்கா, அண்ணன்களைக் கேட்டுப்பாருங்க, கண்ணீர்க் கதைகள் நிறைய கிடைக்கும். கிருஷ்ணன் அதையே பிடித்துக்கொண்டு உட்காரவில்லை என்பதுதான் அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடம். 1928 முடிவதற்குள் அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போய்விட்டார். சத்யேந்திர நாத் போஸ் இருந்த இடம் அது. ஒளியை விட்டுவிட்டு காந்தத்தைக் கையில் எடுத்தார்.

அங்கே செய்த வேலை அழகானது. ஒரு படிகம், எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி காந்தத்துக்கு மசியாது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சின்னப் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எவ்வளவு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது என்று அளந்தால், உள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். பீரோவில் போடுகிறோமே பாச்சை உருண்டை, அந்த நாப்தலீனும் அவர் அளந்தவற்றில் ஒன்று. விலை உயர்ந்த கருவி இல்லாத ஒரு லேபில், கைத்திறமையை மட்டும் நம்பிச் செய்கிற ஆராய்ச்சி. 1933-ல் ராமன் பெங்களூருக்குக் கிளம்பிய பிறகு, கிருஷ்ணன் கல்கத்தாவுக்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். லண்டனில் இருந்த படிகவியல் அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேலுடன் சேர்ந்து 1936-ல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-ல் அலகாபாத். அங்கே மாணவர் ஏ.பி.பாட்டியாவோடு சேர்ந்து, உருகிய உலோகத்தில் மின்சாரம் ஓடுவதைப் பற்றிச் செய்த வேலையைப் பின்னால் வந்தவர்கள் முன்னோடி என்று சொல்கிறார்கள். 1946-ல் சர் பட்டம்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. 1928 கோடையில் கல்கத்தாவில் ராமனின் ஆய்வகத்துக்கு, பிரசிடென்சி கல்லூரியில் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் போயிருந்தான். ராமனின் அண்ணன் மகன். சுப்ரமணியன் சந்திரசேகர். கிருஷ்ணன் அப்போது அங்கேதான் இருந்தார். அதே வருஷக் கடைசியில் ஜெர்மன் பேராசிரியர் சோமர்ஃபெல்டு மதராஸ் வந்தார். சந்திரசேகர் நேராக அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விட்டார். உங்க புத்தகத்தை முழுக்கப் படித்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்ன பையனிடம், அது பழசாகிவிட்டது, அதற்குள் குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாம் மாறிவிட்டது என்று போட்டு உடைத்தார் சோமர்ஃபெல்டு. அப்புறம் செய்ததுதான் முக்கியம். இன்னும் அச்சாகாத தன் கட்டுரையின் புரூஃபை அவன் கையில் கொடுத்து அனுப்பினார். அதைப் படித்துப் பிடித்துக்கொண்டவர், டிகிரி முடிப்பதற்கு முன்பே ஆய்வுக்கட்டுரை எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. வீட்டில் அப்பாவுக்கு மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று ஆசை. 1983-ல் அந்த மகனுக்கு நோபல் பரிசு. கதவைத் தட்டலாமா என்று யோசிக்கிறவங்க, அந்த ஹோட்டல் கதவை ஞாபகம் வெச்சுக்கலாம்.

1947, ஜனவரி 4-ம் தேதி, டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். முதல் இயக்குநர் கிருஷ்ணன். 1950 ஜனவரியில் கட்டடத்தைத் திறந்துவைத்தவர் சர்தார் படேல். நாட்டின் மீட்டரும் கிலோவும் அங்கேதான் காப்பாற்றப்படுகின்றன. இந்திய நேரத்துக்கும் ஆதாரம் அங்கே இருக்கும் அணுக் கடிகாரங்கள்தான். 1948-ல் அணுசக்தி ஆணையம் அமைந்தபோது பாபா, பட்நாகர் இருவரோடு மூன்றாவது உறுப்பினர் இவர். 1954-ல் பத்மபூஷண். 1958-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதை வாங்கியவர் கிருஷ்ணன்.

பதவி ஏறினால் ஆராய்ச்சி போய்விடும் என்பார்கள். டைரக்டர் சீட்டில் உட்கார்ந்துகொண்டே, சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுவதைப் பற்றி எஸ்.சி.ஜெயின் என்ற இளைஞரோடு சேர்ந்து வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். வயசு அப்போது ஐம்பதுக்கு மேல். பேச்சிலும் வறட்சி கிடையாது. எப்போது சந்தித்தாலும் ஒரு புதுக் கதை சொல்லாமல் விடமாட்டார் என்று நேருவே வியந்திருக்கிறார். வத்திராயிருப்பு வீட்டில் காதில் விழுந்த தமிழும் சம்ஸ்கிருதமும் டெல்லி வரை கூடவே வந்திருக்க வேண்டும்.

1961 ஜூனில் அவர் காலமானார். வயது 62.

இப்போ உங்க விஷயம். பாரிமுனையில் அந்த மதிய வகுப்பு இல்லை. ஆனா வழிகள் இருக்கு. பி.எஸ்சி. முடிச்சு ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத்தேர்வு. ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஜெஸ்ட். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அதுவே, அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டில் மாணவர்களை உட்காரவைத்து நடத்திய கருத்தரங்கிலிருந்து முளைத்து, 1962-ல் நிறுவனமானது. அதுவும் ஒரு டைம்டேபிள் இல்லாத வகுப்புதான் பாருங்க! கோடை விடுமுறையில் இரண்டு மாசம் ஒரு விஞ்ஞானியோடு வேலை பார்க்க, இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து உதவித்தொகை தருகின்றன. அவற்றில் பெங்களூரு அகாடமி, ராமன் 1934-ல் தொடங்கியது. இதற்கெல்லாம் விண்ணப்பிக்கும்போது உங்களை அறிந்த ஒரு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படலாம். ஃபைனல் இயர்ல, கடைசி வாரம், முன்னப்பின்ன பேசாத சார்கிட்ட போய் நின்னா அவர் என்னதான் எழுதுவார்? அதனால கேள்வியோட போங்க. எந்த ஸ்டெப்ல மாட்டிக்கிட்டீங்கன்னு நோட்டுல காட்டுங்க. ஹெச்.ஓ.டி.தான் வேணும்னு இல்ல. லேப்ல நிக்கிற, போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த அந்த கெஸ்ட் லெக்சரர்கிட்ட கேளுங்க. பெரும்பாலும் அவர் டிஃபன் பாக்ஸோட தனியாதான் உட்கார்ந்திருப்பார்.

டெல்லியில் அந்த ஆய்வகம் இருக்கும் சாலைக்கு இப்போது டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க் என்று பெயர். அணுசக்தித் துறை இளம் ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கும் ஒரு ரிசர்ச் அசோசியேட்ஷிப்பும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பிஹெச்.டி. முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம்.